முகப்பு மட்டும் மிச்சம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நான் சித்தி வீட்டில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறேன், நீயும் மாப்பிள்ளையும் சின்னவளும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறீர்களா? உன் இருமல் விட்டதா, வெந்நீர் குடி என்று சொன்னால் கேட்கவா போகிறாய்.

நூலகத்தைக் காப்பாற்றிவிட்டார்கள், படம் பார்த்து அழுகையே வந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். எனக்கும்தான் வந்தது, ஆனால் அது வேறு அழுகை. நீ பார்த்தது தெருப்பக்கம் எடுத்த படம். நான் சித்தியைக் கூட்டிக்கொண்டு நேரிலேயே போனேன். முன்சுவர் இருக்கிறது, தூண் இருக்கிறது, இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்தால் அந்தப் பக்கம் ஆகாயம் தெரிகிறது. படிக்கிற கூடம், மரப்படி, பின்னால் காவலாளி என்று அப்பாவுக்குக் கொடுத்து நம்மைக் குடிவைத்திருந்த இரண்டு அறை, போன வருஷம் அப்பா கண் மூடிய இடம், எல்லாம் லாரி ஏறிப் போய்விட்டது. அங்கே அடுக்குமாடி வருகிறதாம், கீழே கார் நிறுத்துவார்களாம். பழமையைப் போற்றுகிறோம் என்று பலகை வேறு. மூஞ்சியை மட்டும் விட்டுவிட்டு ஆளைத் தூக்கிக்கொண்டு போவதற்கு இப்படி ஒரு பெயரா? அப்பா அந்தக் கட்டடத்தைத் திட்டாத நாள் கிடையாது, உனக்கே தெரியும். கூரை ஒழுகுகிறது, வௌவால் நாற்றம் தாங்கவில்லை என்று ஓயாத புலம்பல். ஆனாலும் மழை பிடித்தால் நம் அறை ஒழுகுவதை விட்டுவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்குத்தான் ஓடுவார். நான் இங்கே நனைகிறேனே என்றால், நீ காஞ்சுடுவ, புஸ்தகம் காயாது என்பார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இத்தனை வருஷம் காவல் காத்தவர் என்று முன்சுவரில் அப்பா பேரைக் கல்லில் பதிக்கப் போகிறார்களாம், நான் வந்து திரையை விலக்க வேண்டுமாம். கட்டுகிற கம்பெனிக்காரர் வீடு தேடி வந்தார். நீயும் சித்திக்குப் போன் போட்டு அம்மாவைச் சம்மதிக்க வை, அப்பா பேர் நிற்கட்டும் என்று உயிரை வாங்குகிறாய். இடித்த இடத்தில் அவர் பேரைப் போட்டால், இடித்தது அவருக்கும் சம்மதம் என்று ஆகாதா? நீ படித்தவள், இதுகூடவா உறைக்கவில்லை? கார் அனுப்புகிறோம், முன்வாசலிலேயே வந்து இறங்கலாம் என்றார் அந்த ஆள். "எங்க வீட்டுக்காரர் கடைசிவரைக்கும் பின்வாசல் வழியாத்தான் போனாரு வந்தாரு. அந்த வாசல் எங்கன்னு காட்டுங்க, வர்றேன்" என்றேன். கையில் இருந்த வரைபடத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார், பிறகு சுருட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, நீ இனிமேல் சித்தியைப் படுத்தாதே.

மூன்று பேரும் நீண்ட ஆயுசோடு நன்றாக இருங்கள். தாத்தா எங்கே இருந்தார் என்று பிள்ளை கேட்டால் அந்தப் படத்தை மட்டும் காட்டாதே. நீயே வாயால் சொல்.

கோபம் இன்னும் ஆறாத,
உன் அம்மா