ராஜநாகத்தின் பெயரை நானே எழுதினேன்

தம்பி,

இன்று காலை மாடி அறையைப் பெருக்கும்போது கதவுக்குப் பின்னால் என் சவுக்குத் தடி கிடைத்தது. கைப்பிடி பிளந்தபோது நீ சுற்றிக் கொடுத்த நீல ஒயர் இன்னும் அவிழவில்லை. பிடித்ததும் கை தானாக ஓங்கியது. அவன் மேல் இருக்கும் கோபம் கொஞ்சமும் ஆறவில்லை என்று தெரிந்துகொண்டேன். அதை உனக்கு எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆமாம், இப்போது எனக்கு எழுத வருகிறது! ஒரு வரி முடிப்பதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆறட்டும்.

உடன்குடியிலிருந்து ஒரகடம் கம்பெனி வேலைக்கு வந்து, பென்னலூரில் என் மாடியை வாடகைக்கு எடுத்தாய். கட்டில் வருவதற்கு முன் கம்ப்யூட்டர் வந்தது. கல்யாண வயதில் விளையாட்டா என்று நினைத்தேன். நீ விளையாடவில்லை, விளையாட்டு ஒன்றை நடத்துகிறாய் என்று பிறகுதான் புரிந்தது. நீயும் சிநேகிதர்களும் சம்பளத்தில் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, எங்கோ ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து, அதில் ஓர் ஊரையே திறந்து வைத்திருந்தீர்கள். ஷிப்டு மாறி மாறி வருவதால் முகம் பார்க்க முடியாத தெற்கத்திப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை அங்கே கூடினார்கள். வீடு கட்டினார்கள், சந்தை போட்டார்கள், சண்டையும் போட்டார்கள். "நம்ம ஆளுவ பேசிச் சிரிக்க ஒரு இடம் வேண்டாமா அய்யா?" என்பாய்.

அங்கேதான் அவன் வந்தான். ராஜநாகம் என்று பெயர் வைத்துக்கொண்டவன். சொந்தப் பெயர் இன்றுவரை தெரியாது. வடக்குப்பட்டு விடுதியில் இருந்த, உங்கள் கூட்டத்து ஜெயாவுக்கு அசிங்கமாக எழுதினான். நீ எச்சரித்தாய், அவன் கேட்கவில்லை. உள்ளே வரவே முடியாமல் தடை போட்டாய். அதிலிருந்து ஞாயிறு தோறும் சாயங்காலம் ஊர் மூச்சுத் திணறிச் செத்தது.

எப்படி என்று கேட்டேன். கிருத்திகைக்கு வல்லக்கோட்டையில் சாமி கும்பிடாத ஆயிரம் பேரைக் காசு கொடுத்து வரிசையில் நிற்கவைத்தால், நிஜமாகக் கும்பிட வந்தவன் என்ன ஆவான் என்று திருப்பிக் கேட்டாய். வீட்டுக்குத்தான் போவான். அப்படியொரு போலிக் கூட்டத்தைத்தான் ராஜநாகம் உங்கள் ஊருக்குள் ஏவியிருந்தான். அவன் அனுப்பிய செய்தியையும் படித்துக் காட்டினாய். தடையை எடு, நிறுத்துகிறேன் என்பதே அது.

"ஆளு யாருன்னு கண்டுபுடி தம்பி, கால நான் ஒடிக்கிறேன்" என்றேன்.

நீ சிரித்தாய். "கம்பெனியில எங்க லைன் நின்னா யாரையும் வையமாட்டோம் அய்யா. ஏன் நின்னுச்சின்னு பாப்போம், அடுத்த ஷிப்டுக்காரன்கிட்ட சொல்லிட்டுப் போவோம்."

அப்படியேதான் செய்தீர்கள். முறை வைத்துக் காவல் இருந்தீர்கள். ஒருவர் எழும்போது நடந்ததை அடுத்தவரிடம் ஒப்படைத்தார். தாக்குகிறார்கள், சரி செய்துகொண்டிருக்கிறோம், திரும்பி வருவோம் என்று விளையாட வந்தவர்களுக்கு ஒளிக்காமல் சொன்னீர்கள். சர்வர்காரர்களிடம் ஆதாரத்தோடு புகார் கொடுத்தீர்கள். அவனுக்கு மட்டும் ஒரு சொல் பதில் போகவில்லை. "அவனுக்கு வேண்டியது நம்ம வாயிதான். அத மட்டும் குடுக்கப்பிடாது" என்றாய். எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது.

தாக்க வந்த கம்ப்யூட்டர் முகவரிகளில் ஒன்று நம் பக்கத்தது என்று ஒருநாள் கண்டுபிடித்தாய். நெட் கொடுக்கும் கேபிள்காரர் பார்த்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டர் என்றார். நான் தடியை எடுத்துக்கொண்டு முன்னே நடந்தேன். நீ பின்னாலேயே ஓடி வந்தாய்.

உள்ளே கடைக்காரி எஸ்தரம்மா அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள். ஒரு வாரமாகக் கம்ப்யூட்டர் நகரவில்லையாம். பயோடேட்டா எடுக்க வந்தவர்கள் திட்டிவிட்டுப் போகிறார்களாம். என் தடியைப் பார்த்து, "இன்னா பெரியவரே, அடிச்சு ரிப்பேர் பண்ற ஆளா நீங்க?" என்று கேட்டாள்.

அவள் கம்ப்யூட்டருக்குள் அவன் ஏதோ புகுத்தியிருந்தான். அவளுக்கே தெரியாமல் அவள் கையால் நம் மேல் கல் எறிய வைத்திருந்தான். சாயங்காலம் வரை உட்கார்ந்து அதைச் சுத்தம் செய்து கொடுத்தாய். திரும்பி வரும்போது சொன்னாய்: "நாம திருப்பி அடிச்சிருந்தா யாரு மேல விழுந்திருக்கும் அய்யா? அந்த அம்மா மேல."

அந்தக் கடைக்கு நான் அடிக்கடி போக ஆரம்பித்தேன். கூட்டம் இல்லாத மத்தியானங்களில் எஸ்தரம்மாதான் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். தடியோடு போன இடத்தில் சிலேட்டோடு உட்கார்ந்தேன் என்று நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாய்.

பிறகு வல்லக்கோட்டை ரோட்டில் அந்தக் கன்டெய்னர் லாரி. நீ ஷிப்டு முடிந்து வந்துகொண்டிருந்தாய். அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

விளையாட்டில் நீ கட்டிய மணிக்கூண்டின் கீழ் உன் நினைவாக ஆளுக்கு ஒரு விளக்கு வைப்பதென்று அடுத்த ஞாயிறு எல்லோரும் கூடினார்கள். உன் அறையில், உன் நாற்காலியில் ஜெயா இருந்தாள். நான் பக்கத்தில் நின்றேன். விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. பாதியில் எல்லாம் உறைந்தது. இந்த நாளைப் பார்த்து அடித்தான் தம்பி. இதை நான் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்.

காசு கொடுத்தால் அவன் மீதும் இதே மாதிரித் தாக்குதலை ஏவிவிட ஆள் இருக்கிறார்கள் என்றாள் ஜெயா. "ஒரு நாளாச்சும் அவன் அழணும் அய்யா. நீங்க சரின்னா நானும் சரிங்கேன்."

அவள் கேட்டதில் தப்பே இல்லை. சரி என்ற சொல் என் நாக்கு நுனியில் நின்றது. அந்த நிமிஷம் அவன் வீடு தெரிந்திருந்தால் கொளுத்தியிருப்பேன். தடியைத்தான் இறுக்கிப் பிடித்திருந்தேன். விரலுக்கடியில் நீல ஒயர் வழுக்கியது.

"நாம வுடற அடி அவன்கிட்ட போவாதும்மா. இன்னொரு எஸ்தரம்மா கடையில போய் வுழும்" என்றேன். "அவன் அழணும்னா வேற வழி கீது. அவன் கேட்டது அவனுக்குக் கிடைக்கவே கூடாது."

ஜெயா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தாக்குதல் நடக்கிறது, அடுத்த ஞாயிறு மறுபடி விளக்கு வைப்போம் என்று எல்லோருக்கும் எழுதினாள். போலிக் கூட்டத்தை வாசலிலேயே வடிகட்டும் ஒரு சர்வருக்கு அந்த வாரமே ஊரை மாற்றினார்கள். போலீசிலும் எழுதிக் கொடுத்தோம். பார்க்கிறோம் என்றார்கள், இன்னும் பார்க்கிறார்கள்.

புது இடத்தில் தடை போட்ட பெயர்களை மறுபடி பதிய வேண்டியிருந்தது. அந்த வேலையை நான் கேட்டு வாங்கினேன். கீபோர்டில் ரா உடனே கிடைத்தது. ஜ எங்கேயோ ஒளிந்திருந்தது, தேடிப் பிடித்தேன். பேன் நசுக்குவது போல ஒவ்வோர் எழுத்தையும் அழுத்தினேன். யாரும் எழுதிக் காட்டாமல் நான் எழுதிய முதல் பெயர் என் பகைவனுடையது. அன்று இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டேன்.

ஞாயிறு வந்தது. அவன் ஏவிய கூட்டமும் வந்தது. ஊர் கொஞ்சம் திக்கியது, ஆனால் விழவில்லை. உன் மணிக்கூண்டைச் சுற்றி விளக்கு வைக்க இடம் போதவில்லை.

இப்போதும் எப்போதாவது செய்தி அனுப்புகிறான். "பதில் சொல்லுங்கடா" என்று போன வாரம் எழுதியிருந்தான். ஜெயா படிப்பதற்கு முன் நானே எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். என்ன சந்தோஷம் தெரியுமா! பதில் எழுத எனக்கு இப்போது தெரியும். நல்ல நல்ல வசவெல்லாம் மனசில் வரிசையாக நின்றன. விரலை மடக்கிக்கொண்டேன். உள்ளே இனித்தது.

நான் கற்ற எழுத்தெல்லாம் இதோ, உனக்கு இத்தனை பக்கம். அவனுக்கு ஓர் எழுத்துக்கூடக் கிடையாது.