காய்ச்சல் வராத உடம்பு

நாள் 201 – 07:10
யூரோப்பா நிலவு, மூன்றாம் துளை நிலையம். அமலோற்பவம், நுண்ணுயிர் ஆய்வாளர், ஒற்றை ஆள். பனிக்கட்டி மாதிரிக் குழாய் உடைந்து விரலில் கீறல். தொற்று விதிப்படி நிலையக் கதவு பூட்டிக்கொண்டது. பதினான்கு நாள் அக்குள் வெப்பமானி காய்ச்சல் காட்டாவிட்டால் தானே திறக்கும். இன்று 36.7. முடக்குவாதத்துக்கான, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் பயாலஜிக் ஊசி போட்டாயிற்று. அது இல்லாவிட்டால் என் விரல்கள் விறகுக்கட்டைதான்.

நாள் 209 – 07:15
36.7. கீறல் ஆறியபாடில்லை, வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. என் உடம்பை நானே மெச்சிக்கொண்டேன். என்னை ஏற்றிப்போக விண்ணூர்தி வருகிறது. ஓட்டுநர் ஜெபஸ்டின், உள்ளே நாற்பத்திரண்டு பேர். இதை விட்டால் அடுத்தது பதினொரு மாதம் கழித்து.
செய்தி: “யக்கா, சன்னல் சீட்டு போட்டு வச்சிருக்கேன். பாக்கெட்டுல கருவாட்டுக் கொழம்பும் இருக்கு.”

நாள் 213 – 10:40
சும்மா இருக்க முடியாமல் என் ரத்தத்தை நுண்ணோக்கியில் வைத்தேன். பன்னிரண்டு நாள் முன்பே வைத்திருக்க வேண்டும், முட்டாள். பனிக்கட்டியில் பார்த்த அதே சுருள் உயிர்கள். மொய்க்கின்றன.

மூட்டுகளை வீங்கச் செய்யும் அதே சமிக்ஞைதான் காய்ச்சலையும் கிளப்பும். ஊசி இரண்டையும் சேர்த்து அமுக்கிவிட்டது. கதவு விதியை எழுதியவன் ஊசி போடுகிறவளை நினைக்கவில்லை. நானும் நினைக்கவில்லை, அதுதான் தாங்கவில்லை.

நாள் 214 – 16:20
ஜெபஸ்டினிடம் சொன்னேன். பதில்: “காய்ச்சலே இல்லாம என்னக்கா நோவு? தனியா கெடந்து மனசு கொழம்பிப்போச்சு. நாளைக்குக் கதவு தொறந்ததும் நானே வந்து தூக்கிட்டுப் போறேன்.”
செய்வான். அந்த நாற்பத்திரண்டு பேர் நடுவே கொண்டுபோய் உட்காரவைப்பான். பாசக்காரன். படுபாவி.

நாள் 215 – 06:30
பள்ளிக்கு மட்டம் போட அக்குளில் வெங்காயம் வைத்தவள் நான். இங்கே வெங்காயத்துக்கு எங்கே போக? மூட்டுக்கு ஒத்தடம் கொடுக்கும் வெந்நீர்ப் பையை வைத்தேன். 39.4. திறக்க அரை மணி இருந்த கதவு மறுபடி பூட்டிக்கொண்டது. இன்னும் பதினான்கு நாள்.
“யக்கா, நேத்துகூட நல்லாத்தானே இருந்துச்சு! சரி, பதினாலு நாளும் மேலயே சுத்திக்கிட்டு இருக்கேன். அதுக்குமேல எரிபொருள் தாங்காது. கதவு தொறந்து பச்சை விளக்கு எரிஞ்சா எறங்கிருவேன்.”
பதில் அனுப்பும் கருவியை அணைத்தேன். பேசினால் கூட்டிப்போ என்று கெஞ்சிவிடுவேன்.

நாள் 216 – 08:00
எத்தனை நாள் ஏமாற்றுவது? இன்னொரு வழி செய்தேன். மிச்ச ஊசிகளை உடைத்துக் கொட்டினேன். மருந்தின் வீரியம் இறங்கட்டும், நிஜக் காய்ச்சல் வரட்டும்.

நாள் 228 – 17:05
37.0. சனியன், வரமாட்டேன் என்கிறது. முழங்கால் பூட்டிவிட்டது. ஒற்றை விரலில் தட்டுகிறேன். நாளை காலை ஏழுக்குக் கதவு திறக்கும். வெந்நீர்ப் பையின் மூடியைத் திருக விரல்கள் மடங்கவில்லை. பல்லால் கடித்தேன், பல்தான் ஆடுகிறது. துணியை வெந்நீரில் நனைத்து வைத்தேன். ஈரம் பட்டதும் வெப்பமானி பிழை என்றது.
“யக்கா, காலையில எறங்குறேன். கொழம்பைச் சுட வைக்கச் சொல்லிட்டேன்.”

நாள் 229 – 06:50
குளிர். பல் கிட்டுகிறது
பை அங்கே தரையில் கிடக்கு சத்தியமா வைக்கல
38.6
கதவு பூட்டி
அப்பாடா