சிலிப்பரைக் கழற்றவும்

6-8-2024, செவ்வாய்

ஞானாம்பிகை இன்று தன் படங்களைக் கொண்டுவந்து காட்டினாள். சீ! எல்லாம் கால். பித்தவெடிப்புக் கால், நரம்பு புடைத்த கால், நகம் மஞ்சளித்த கால். ஒரு முகம்கூட இல்லை. ஓவிய வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்து பூவும் கிண்ணமும் வரைந்தவள்தானே? வீட்டுக்குப் போய் இதையா வரைந்துகொண்டிருந்தாள்?

நான் மகாலட்சுமி, சரஸ்வதி, மயிலோடு முருகன் என்று மனசு குளிர வரைந்து வைத்திருக்கிறேன். லெபோ பசார் தெருவுக்குப் பக்கத்துச் சந்தில் காலிக்கடை, மூன்று நாளைக்கு, இரண்டு பேரும் சேர்ந்து எடுத்தாயிற்று. பேத்தி தனுஜா இதை ‘பாப்-அப்’ கண்காட்சி என்கிறாள். அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் பேத்தி எஞ்சினியர். சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மத்தியானம் சோறு இறங்கவில்லை.

9-8, வெள்ளி

கடையைப் பார்த்தோம். முன்பு கருவாட்டுக் கடையாம். பினாயில் ஊற்றித் தேய்த்தும் நாற்றம் போகவில்லை. மூலையெல்லாம் எலிப்புழுக்கை.

“சாமி படத்தை இங்கயா மாட்டுறது?” என்றேன்.

“என்ர படங்களுக்குப் பொருத்தமான வாசம்தான், வடிவக்கா” என்று சிரிக்கிறாள். யாழ்ப்பாணத்துக்காரி, ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இதற்கெல்லாம் சிரிப்பு வேறு.

13-8, செவ்வாய்

எந்தச் சுவர் யாருக்கு என்று சண்டை. கடைசியில் என் மகாலட்சுமிக்கு நேரெதிரே ஒரு புண்ணுக்கால்! அந்தத் தாயாரின் பாதத்துக்கு மருதாணிச் சிவப்பு வர ஒரு வாரம் பாடுபட்டேன் - எதிரே இதுவா?

ஒரு கண்டிஷன் போட்டேன். சாமி இருக்கிற இடம். எல்லாரும் வாசலிலேயே சிலிப்பரைக் கழற்ற வேண்டும். “ஓம், கழட்டட்டும்” என்று உடனே ஒப்புக்கொண்டாள். ஏன் இவ்வளவு சந்தோஷம்?

நான் மட்டும் சாக்ஸோடு இருப்பேன். கல்யாண வீட்டிலும் அப்படித்தான். தொழிற்சாலையில் தள்ளுவண்டி ஏறிய கட்டைவிரல். நகம் கறுத்துச் சுருண்டு - எனக்கே பார்த்தால் குமட்டும். கோயிலில்தான் கழற்றுவேன், அதுவும் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு.

21-8, புதன்

ஒரு படத்தைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள். திறப்பு நாளில்தான் காட்டுவாளாம். இன்னும் என்ன அசிங்கம் பாக்கி?

23-8, வெள்ளி

என் கால்! துணியை எடுத்ததும் பார்த்தேன், என்னுடையதேதான். குழாய்த் தண்ணீர் விழுகிறது, அந்தக் கறுப்பு நகம் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

“தண்ணீர்மலைக் கோயில் குழாயடியில பார்த்தனான் அக்கா. கேட்டால் விடமாட்டியள்.”

“கழட்டு அதை.”

“ஊரையே கழட்டச் சொல்லிப்போட்டு நீங்கள் மட்டும் மூடிக்கொண்டு நிக்கிறியள். உங்கட கால் எண்டு இஞ்ச ஆருக்குத் தெரியும்?” என்றாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. “சரி. நாளைக்குக் காலமை வந்து நீங்களே கழட்டுங்கோ. நான் தடுக்கமாட்டன்.”

வந்தவர்கள் என் சாமிகளை அழகு என்றார்கள், நகர்ந்தார்கள். அந்தப் பக்கம்தான் கூட்டம். படத்தைப் பார்க்கிறார்கள், குனிந்து தங்கள் வெறுங்காலைப் பார்க்கிறார்கள். பக்கத்துக் கடை சலேஹா ஒரு வெடிப்புக் கால் படத்துக்கு முன்னால் தன் குதிகாலைத் தூக்கிக் காட்டி, “சாமா லா! அப்படியே என் கால்!” என்று கத்துகிறாள். நான் போட்ட சட்டம் ஞானாம்பிகைக்கு வியாபாரம் பிடித்துக் கொடுத்திருக்கிறது. தூ!

24-8, சனி

கழற்றத்தான் போனேன். கிளம்ப நேரமாகிவிட்டது, போவதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். கடை காலியாகட்டும் என்று ஓரமாக நின்றேன்.

ஒரு பெண், கையில் போன். என் கால் படத்துக்கு முன்னால் மூக்கைச் சுளித்தாள். “யக்! என்னா காலுப்பா இது? இதைப் பாத்துட்டு எப்படிச் சோறு திங்கிறது?”

எனக்கு வந்ததே ஆத்திரம். எங்கிருந்து வந்ததோ.

“யாரு காலுன்னு கேளு! என் காலு! இது நின்ன நிலையிலதான்டி என் புள்ளைங்க சோறு தின்னுச்சுங்க!” அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்து சாக்ஸை உருவி எறிந்தேன்.

கடையில் இருந்த எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள், காலைப் பார்த்தார்கள். அந்தப் பெண், “சாரி, ஆண்ட்டி” என்றாள். ஆண்ட்டியாம்!

ஞானாம்பிகை சாக்ஸை எடுத்து மடித்து என் பையில் வைத்தாள். கருவாட்டு நாற்றத் தரை, வெறுங்காலுக்குச் சில்லென்றிருந்தது. சாயந்திரம் வரை அப்படியே இருந்தேன்.

25-8, ஞாயிறு

கடைசி நாள். காலையில் தனுஜா சிவப்பு நகச்சாயத்தோடு வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். “மகாலட்சுமிக்கு மட்டும்தானா பாட்டி, உங்களுக்கும் போடுவோம்லா” என்றாள். சரி, போடு என்றேன். கறுத்த நகத்துக்கு வந்தபோது காலை இழுத்துக்கொண்டேன்.

“அதை மட்டும் விட்டுரு. படத்தைப் பாத்துட்டு வர்றவங்க ஒத்துப் பாப்பாங்க.”