விக்னாவின் பெயருக்கு நேரே ஏழு ஈ

31 மார்ச் 1976, புதன்

ஸ்பிரிங்வேலில் காலையிலிருந்து மழை. சனிக்கிழமை பேஸ்பால் பருவத்தின் முதல் ஆட்டம். நான் ஆடப் போவதில்லை. எழுதப் போகிறேன்.

பெப்ரவரியில் விக்னராஜாவும் நானும் ஒன்றாகத்தான் கிங்ஃபிஷர் கழகத்தின் தேர்வுக்குப் போனோம். எனக்கு வீசிய முதல் பந்தைக் காலடியில் அழகாகத் தடுத்துவிட்டு அப்படியே நின்றேன். கிரிக்கெட்டில் தடுத்த பந்துக்கு ஓடத் தேவையில்லை. இங்கே மட்டையில் பட்டால் பேஸ் என்கிற மூலைக்கு ஓடியே ஆகவேண்டுமாம். எல்லோரும் “ஓடு, ஓடு” என்று கத்த, நானோ பந்து வீசியவரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தேன். சிரித்தார்கள் பாருங்கள், இன்னும் காதில் கேட்கிறது.

விக்னா ஓடினான். இப்போது அவன் பி அணியின் ஷோர்ட்ஸ்டொப். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவில் நிற்பவன். அதிகம் பந்து வருவது அவனிடம்தான். எனக்கு ஸ்கோர் புத்தகம். “உன் கையெழுத்து நல்லது” என்றார் பயிற்சியாளர் அலன். படம் வரைந்து சம்பளம் வாங்குகிறவனுக்குக் கையெழுத்து நன்றாக இல்லாமல் வேறென்ன இருக்கும்?

யாழ்ப்பாணத்தில் கல்லூரி அணிக்கு நான் தலைவன். விக்னா பன்னிரண்டாம் ஆள், தண்ணீர் கொண்டு வருவான். இது இங்கே ஒருவருக்கும் தெரியாது.

3 ஏப்ரல், சனி

மீன்கொத்திகள் 4, எதிரணி 6. (கிங்ஃபிஷரை நான் அப்படித்தான் எழுதுவேன்.)

என் மதிப்பீடு: கொலின் நான்கு இன்னிங்ஸ் நன்றாக வீசினான், ஐந்தாவதில் தோள் விழுந்துவிட்டது. மட்டைக்காரர்கள் முதல் பந்துக்கே அவசரப்படுகிறார்கள். இரண்டாம் பேஸில் நிற்கும் பீட்டர் பத்திரமானவன், மெதுவானவன்.

விக்னா எறிந்த ஒரு பந்து முதலாம் பேஸ்காரனின் தலைக்கு மேலே போனது. கிரிக்கெட்டில் கைவிட்ட பிடி புத்தகத்தில் ஏறாது, மனிதர்கள் மறந்துவிடுவார்கள். இங்கே ஏறும். ஆங்கில ‘ஈ’ என்று ஓர் எழுத்து, அந்த ஆளின் பெயருக்கு நேரே. போட்டேன். நியாயமான பிழை.

10 ஏப்ரல், சனி

தோல்வி, 3–7. கொலினுக்கு இன்றும் ஐந்தாவதில் மூச்சு வாங்கியது.

அலன் ஒரு செய்தி சொன்னார். ஏ அணியின் ஷோர்ட்ஸ்டொப் வேலை மாறி அடிலெய்ட் போகிறான். நான்கு ஆட்டம் முடிந்ததும் பி அணியிலிருந்து ஒருவரை மேலே எடுப்பாராம், விக்னா அல்லது பீட்டர். “எனக்கு மறந்துவிடும். உன் புத்தகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன்” என்றார்.

ஏ அணியில் நம்மவர் ஒருவர்! உள்ளூர்ப் பத்திரிகை படம் பிடிக்க வரும். விக்னாவை எல்லோரும் ஏற்கெனவே ‘விக்’ என்கிறார்கள், தோளில் கை போடுகிறார்கள். என் பெயர் கேதீஸ்வரன் என்பது இதுவரை ஒருவர் வாயிலும் வரவில்லை. ‘ஸ்கோரர்’.

இன்று அவனுக்கு இரண்டு ஈ. ஒன்று கைக்கு வந்த பந்து, விட்டான். மற்றது — இடப்பக்கம் வெகு தூரம் பாய்ந்தான். பந்து கையுறையின் நுனியில் பட்டு விழுந்தது. விதிப்புத்தகம் என்ன சொல்கிறது? சாதாரண முயற்சியில் எடுக்கக்கூடிய பந்தை விட்டால்தான் பிழை. மற்றதெல்லாம் அடித்தவனின் கெட்டித்தனம்.

தொட்டான்தானே. தொட்டால் பிடிக்கவேண்டியதுதானே.

17 ஏப்ரல்

ஈஸ்டர். ஆட்டமில்லை. விக்னா மத்தியானம் சாப்பிட வந்தான். என் மனைவி யோகா அவனுக்கு இரண்டு தரம் மீன்குழம்பு ஊற்றினாள்.

24 ஏப்ரல், சனி

வெற்றி! 5–4. பருவத்தின் முதல் வெற்றி, அதிலும் நான் சந்தோஷப்படவில்லை. என்ன ரசிகன் நான்?

யோகா முதல்தடவையாக வந்தாள். என் மேசைக்குப் பக்கத்தில் போர்வை விரித்து, ஃபிளாஸ்கில் தேநீரோடு இருந்தாள். ஆட்டம் விளங்கவில்லை, ஆனாலும் விக்னா பாயும்போதெல்லாம் எழுந்து நின்றாள். கடைசி இன்னிங்ஸில் சேற்றில் நெஞ்சு தேய விழுந்து ஒரு பந்தை மறித்தான். அதுதான் ஆட்டத்தைக் காப்பாற்றியது. எங்கள் பக்கத்து வெள்ளைக்காரிகள் எல்லாம் கை தட்டினார்கள்.

“கடவுளே, என்ன பாய்ச்சல் பாயிறார்! உங்களுக்கும் இப்பிடிப் பாயத் தெரியுமோ?” என்று கேட்டாள்.

தெரியுமோவா? எனக்கோ?

அதற்கு முன் இரண்டு தரம் பாய்ந்து, தொட்டு, பிடிக்காமல் விட்டிருந்தான். இரண்டின் கிட்டவும் வேறு எவனும் போயிருக்கமாட்டான். இரண்டுக்கும் ஈ போட்டேன். பேனாவால்.

யோகா புத்தகத்தை எட்டிப் பார்த்தாள். “என்ன இது, ஈ மொய்ச்ச மாதிரி? எல்லாம் விக்னா அண்ணையின்ர பேரிலதான் இருக்கு.”

“அது பிழைக் கணக்கு. உமக்கு விளங்காது.”

“மற்ற ஆக்கள் ஒருதரும் பிழை விடுறேல்லையோ?”

மற்றவர்கள் ஓடிப் போய்த் தொட்டால்தானே விடுவதற்கு. இதை நான் சொல்லவில்லை. தேநீர் ஆறிவிட்டது என்று சொன்னேன்.

27 ஏப்ரல், செவ்வாய்

யோகா மூன்று நாளாக அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் நல்லது.

1 மே, சனி

தோல்வி, 2–8. நான்கு ஆட்டம், ஒரு வெற்றி. மதிப்பீடு எழுதவே மனமில்லை: பந்துவீச்சு பாதிவரை, மட்டை கால்வாசி, களத்தடுப்பு விக்னா.

ஆம், உண்மை அதுதான். அவன் இல்லாவிட்டால் ஒவ்வொரு ஆட்டத்திலும் இன்னும் மூன்று நான்கு ஓட்டம் கொடுத்திருப்போம்.

இன்றும் இரண்டு ஈ. ஒன்று நியாயம், ஒன்று என்னுடையது. மொத்தம் ஏழு. அதில் நான்கு என்னுடையவை. பீட்டருக்கு ஒன்று. அந்தப் பீட்டர் பக்கத்தில் போகும் பந்தைப் பேருந்து போவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்பான்.

அலன் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார். கொடுக்கும்போது கை கொஞ்சம் இழுத்தது. கொடுத்துவிட்டேன்.

3 மே, திங்கள்

பீட்டர்.

4 மே, செவ்வாய்

விக்னா வேலை முடிந்து நேரே வந்தான். குசினிக் கதிரையில் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் இருந்தான். எனக்குப் பயமாக இருந்தது. அவன் கோபப்பட்டால் என்ன சொல்வதென்று இரண்டு நாளாக மனதுக்குள் எழுதி வைத்திருந்தேன்.

கோபப்படவில்லை. “ஏழு பிழையாமடா மச்சான். எனக்கே தெரியேல்ல. நான் நல்லா விளையாடுறன் எண்டெல்லோ நினைச்சனான்” என்றான். சிரிக்கப் பார்த்தான். “நீ கப்டனா இருந்தனி. உனக்குத்தான் கண் இருக்கு. நான் எங்க பிழைக்கிறன் எண்டு சொல்லித் தா.”

கப்டன். அவனுக்கு ஞாபகம் இருக்கிறது.

யோகா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

நான் விதியை விளக்கினேன். விதியை மட்டும்.

“அப்ப தொட்டுட்டு விட்டாத்தான் பிழை? தொடாட்டில் இல்லையோ?”

“ஓம். எட்டாத பந்தெண்டால் பிழை எழுதுறேல்ல.”

“அட, இவ்வளவுதானோ?” என்றான். உண்மையைச் சொல்ல எவ்வளவு நேரமிருந்தது எனக்கு! அவன் தேநீர் குடித்து முடிக்கும்வரை நேரமிருந்தது. வாசலில் “போட்டு வாறன் மச்சான், பெரிய உதவி” என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

கதவு சாத்தியதும் யோகா சொன்னது: “அவருக்கு விளங்கேல்ல. எனக்கு விளங்குது.”

6 மே, வியாழன்

வேலையிடத்திலிருந்து அலனுக்கு டெலிபோன் எடுத்தேன். “யார்?” என்றார். “ஸ்கோரர்” என்றேன். “என்ன விஷயம்?” சனிக்கிழமை எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு வைத்தேன். எத்தனை மணிக்கென்று எனக்குத் தெரியாதா? சீ.

8 மே, சனி

நல்ல வெயில். 2–9 தோல்வி.

மூன்றாவது இன்னிங்ஸில் எதிரணி இரண்டு பேர் பேஸில் நின்றார்கள். விக்னாவுக்கு இடப்பக்கமாக ஒரு பந்து, தரையோடு. அவன் எப்போதும் பாய்கிற பந்து. ஓர் அடி எடுத்து வைத்தான். நின்றான். கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பந்து போவதைப் பார்த்தான்.

“பாயடா! விக்னா, பாயடா!”

நான்தான் கத்தினேன். ஸ்கோரர் கத்தக்கூடாது. எல்லோரும் என் மேசையைத் திரும்பிப் பார்த்தார்கள். விக்னாவும் பார்த்தான், நான் வேடிக்கைக்குக் கத்தியதாக நினைத்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். இரண்டு பேரும் ஓடி முடித்தார்கள். பிழையல்ல, அடித்தவனின் ‘அடி’ என்று எழுதினேன். சரியான முடிவு. இன்னும் மூன்று பந்து அப்படியே போயின. மூன்றும் அடி. மூன்றும் சரி.

ஆட்டம் முடிந்ததும் வந்து என் தோளுக்கு மேலால் குனிந்து, தன் பெயருக்கு நேரே விரலை ஓட்டிப் பார்த்தான். உடுப்பில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

“பாத்தியே, ஒரு ஈ கூட இல்லை! நீ சொல்லித் தராட்டில் எனக்கு விளங்கியிராது மச்சான்.”

யோகா போர்வையை மடித்துக்கொண்டு எங்களுக்குக் காத்திராமல் காரை நோக்கி நடந்தாள்.

நான் ஓம் என்றேன்.