பெயரை மட்டும் மாற்றியிருக்கிறாய்

என் மூத்தவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, நீயும் அங்கே குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேளைக்குச் சாப்பிடுவாய் என்று நினைத்துக்கொள்கிறேன். தங்கை ஏன் போனை எடுப்பதில்லை என்று மூன்று முறை கேட்டுவிட்டாய். போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் நீ குரலை மெத்தென்று ஆக்கிக்கொண்டு 'அப்போ உனக்கு எப்படிம்மா இருந்துச்சு' என்று ஆரம்பித்துவிடுவாய், கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்குகிறார். கண்ணாடிக் கடையில் எனக்குக் கண் சோதிக்கும் அறையைக் கொடுத்துவிட்டார்கள், நாள் முழுக்க அந்த இருட்டில் 'இது தெளிவா, அது தெளிவா' என்று கேட்டுக் கேட்டுத் தொண்டை வற்றிப்போகிறது. முதலாளியின் மனைவி, உன் பொண்ணு டாக்டருக்குப் படிக்கிறாளாமே ஊசி போடுவாளா என்றாள். ஊசி போடற டாக்டர் இல்ல, கேள்வி போடற டாக்டர், பதினஞ்சு பதினாறு வயசுப் பிள்ளைங்க மனசைப் பத்தி ஆராய்ச்சி பண்றா என்றேன். அப்போ உங்க சின்னவளுக்கு ஒரு குறையும் இருக்காது என்றாள். சிரித்து வைத்தேன்.

பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டவளை, நீ சொன்னாய் என்று, உன்னோடு படித்த அந்த ஆலோசகரிடம் நாலு வாரம் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி, அவளுக்கு உள்ளே சோபா, நடுவில் சாத்திய கதவு. வாயால் சொல்ல வராததை எழுது என்று அந்த ஆலோசகப் பெண் இவளிடம் ஒரு நோட்டும் கொடுத்தனுப்பியிருக்கிறாள். மெத்தைக்கு அடியில் இருந்தது, எடுத்துப் படித்தேன். படிக்கக் கூடாது என்பாய், படித்தேன், அதோடும் விடவில்லை. அன்று அப்பா, வந்திருந்த சித்தி, இவள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்ததும் சத்தமாக வாசித்தேன். என்னைப் பற்றி மட்டும் ஏழு பக்கம். நான் நடந்து வருகிற சத்தம் கேட்டாலே தட்டோடு எழுந்து ஓடிவிடுகிறாளாம். அப்பா தட்டைப் பார்த்தபடி 'போதும் விடு' என்றார், சித்தி கை கழுவ எழுந்து போனவள் திரும்பி வரவில்லை, இவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், நான் நிறுத்தவில்லை.

எட்டாம் பக்கத்தில் நீ வருகிறாய். உனக்காக ஒரு எழுத்து விடாமல் பார்த்து எழுதுகிறேன். 'அக்காகிட்ட மட்டும்தான் எல்லாத்தையும் சொன்னேன். நான் பேசப் பேச அந்தப் பக்கம் டைப் அடிக்கிற சத்தம் கேக்கும். வேலை பாத்துக்கிட்டே கேக்குறான்னு நெனச்சேன். கட்டுரை அச்சாகி வீட்டுக்கு வந்தப்போதான் தெரிஞ்சுது, நான்தான் அந்த வேலை. பதினாறு வயசுப் பொண்ணு ஒருத்தி, பாத்ரூம் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு, கவுத்துப் போட்ட வாளி மேல உக்காந்து சாப்பிடுறாளாம். பேரை மட்டும் மாத்தியிருக்கா. வாளியைக்கூட மாத்தல.'

நீ பெருமையாக அனுப்பி வைத்த அதே கட்டுரைதான். நான் கத்தினேன், விரட்டினேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு எங்கே போய் ஒளிந்தாள் என்று நான் உலகத்துக்கு அச்சடித்துக் கொடுக்கவில்லை. உன் பேராசிரியர் பாராட்டினார் என்றாயே, அந்தப் பாராட்டில் அவளுக்கு எவ்வளவு பங்கு கொடுத்தாய்?

வாசித்து முடித்ததும் அவள் நோட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள், அழவில்லை. மறுநாள் காலை இரண்டு பையோடு அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். அப்பாதான் பஸ் ஏற்றிவிட்டிருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஐந்து வாரமாகிறது. அங்கே பள்ளிக்கூடம் போகிறாளாம், எல்லாரோடும் உட்கார்ந்து இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாளாம். அம்மா கூப்பிட்டாலும் அக்கா கூப்பிட்டாலும் போனைக் கொடுக்கக் கூடாது என்று அத்தையிடம் சொல்லி வைத்திருக்கிறாள். ஒரே மூச்சில் இரண்டு பேரையும் சொன்னாளாம். இத்தனை வருடம் படித்து, என் பக்கத்தில் வந்து நிற்கிறாய்.

போன செவ்வாய்க்கிழமை கடைப் போனிலிருந்து அத்தை நம்பருக்குப் போட்டேன். அவளே எடுத்தாள். இரண்டு முறை ஹலோ சொன்னாள், பிறகு 'அக்காவா' என்றாள். நான் மூச்சு விடாமல் இருந்தேன். 'நான் உன்கிட்ட பேசினது போதும்க்கா, இனிமே கூப்பிடாத' என்று வைத்துவிட்டாள். அது நான்தான் என்று மறுநாளாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீ கூப்பிட்டதாகவே இருக்கட்டும்.

எடுத்த படிப்பை நல்லபடியாக முடி, பேருக்கு முன்னால் பட்டத்தைப் போட்டுக்கொண்டு நூறு வயது இரு, மனதாரத்தான் சொல்கிறேன். சொத்தை என்றாயே, அந்தக் கடைவாய்ப் பல்லை அடைக்காமல் விட்டுவிடாதே.

உன்னைப் பெற்ற,
அம்மா