சாம்பல் நிறப் பொத்தான்

ஜனவரி 6, செவ்வாய்

அறுபத்தொன்று அறுபதாகியிருந்தது.

காலையில் கடையில் ரொட்டிகளை அடுப்பில் வைத்துவிட்டு, மணி அடிக்கும்வரை நிற்கும் பதினெட்டு நிமிடத்தில் கைபேசியைப் பார்த்தேன். நேற்று அறுபத்தொரு பேர் என்னைப் பின்தொடர்ந்தார்கள். இன்று அறுபது. மற்றவர்களுக்கு ஐந்நூறு, எழுநூறு என்று இருக்கும், ஒன்று குறைந்தால் தெரியாது. எனக்கு அறுபத்தொரு பேரும் மனப்பாடம்.

யாராவது தன் கணக்கையே மூடியிருப்பார்கள். அப்படித்தான் இருக்கும்.

மதியம்: பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தேன். பிறகு கீழிருந்து மேலே. வில்டே இல்லை.

ஜனவரி 7

கோளாறாக இருக்கலாம் என்று கைபேசியை அணைத்துப் போட்டேன். இல்லை.

நான் அவளைப் பின்தொடர்கிறேன். அவள் என்னைப் பின்தொடரவில்லை. அவ்வளவுதான் செய்தி. எழுதிப் பார்த்தால் எவ்வளவு சின்னதாக இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது என் கட்டிலில் படுத்துக்கொண்டு அவள்தானே சொன்னாள்: "ஆகஸ்ட்ல திரும்பி வாடி. ஹெட்டாவ வேற ரூம் பாத்துக்கச் சொல்லிடுறேன். கிளாஸ் முன்னாடி பேசுறப்ப நான் முதல் வரிசையில உக்காந்துக்கறேன், நீ என்னை மட்டும் பாத்துப் பேசு."

நவம்பரில், நாங்கள் படிக்கப் போயிருந்த அல்டாவில், வகுப்பின் முன்னால் பேசும்போது மூன்றாவது நிமிடத்தில் என் வாய் நின்றுபோனது. கழிப்பறைக்குள் போய் நின்றேன். மறுநாள் படகேறி ஊருக்கு வந்துவிட்டேன். நாங்கள் இருவரும் எடுத்திருந்த அடித்தள வீட்டில் என் அறைக்கு ஹெட்டா வந்தாள். இப்போது வில்டேயின் வகுப்புத் தோழி அவள்தான்.

மறுபடி சேர்வதற்கான விண்ணப்பம் பாதி நிரப்பியபடி இருக்கிறது. மார்ச் ஒன்று கடைசி நாள். வில்டே அங்கே இருக்கிறாள் என்பதால்தான் அந்தப் பாதியையும் நிரப்பினேன்.

ஜனவரி 9, வெள்ளி

எங்கும் எழுதி வைக்காத விதிகள். ஆனாலும் எல்லோருக்கும் தெரியும்.

முகம் தெரிந்தவர் பின்தொடர்ந்தால் ஒரு நாளுக்குள் நாமும் பின்தொடர வேண்டும். அதே நிமிடத்தில் கூடாது, காத்துக்கிடந்த மாதிரி ஆகும். மறுநாளைத் தாண்டினால் திமிர். நம்மைப் பின்தொடர்பவர்கள் அதிகமாகவும் நாம் பின்தொடர்பவர்கள் குறைவாகவும் இருப்பது அழகு. ஒருவர் நம்மை விட்டுவிட்டார் என்று தெரிந்தால் நாமும் விட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் வால்.

மூன்று நாளாக நான் வால்.

ஜனவரி 12, திங்கள்

கடை முதலாளி சொல்ஃப்ரித் என்னைப் பின்னறையில் பிடித்துவிட்டாள். காலி பாட்டில் வாங்கும் எந்திரத்துக்குப் பின்னால் இருக்கும் அறை. ஆட்கள் அந்தப் பக்கம் வட்டத் துளையில் பாட்டிலைப் போடுவார்கள், இந்தப் பக்கம் நான் மூட்டை கட்டுவேன். யாரும் என்னைப் பார்க்க முடியாது. கடையிலேயே எனக்குப் பிடித்த இடம் அது.

"என்ன புள்ள, மூஞ்சி காயப்போட்ட மீன் மாதிரி தொங்குது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லேன்னா ஒருத்தன் இருக்கான்."

"பையன் இல்ல. வில்டே... என்னை ஃபாலோ பண்றத நிறுத்திட்டா."

"அவ்வளவுதானா? எனக்கு அதுல ஆயிரத்து இருநூறு பேரு. இந்த ஊருல கலைமானையும் சேத்து எண்ணினாக்கூட அத்தனை வராது. எவ வந்தா எவ போனான்னு யாரு கண்டா? ஒரு போனப் போட்டுக் கேளு."

கேட்பதாம்! கேட்டால் நான் எண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று தெரிந்துவிடாதா? எல்லோரும் எண்ணுகிறோம். எண்ணுவதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. இதை எப்படி சொல்ஃப்ரித்துக்குச் சொல்ல?

ஜனவரி 13

செய்துவிட்டேன். நானும் அவளை விட்டுவிட்டேன்.

ஒரு பெட்டி வந்து கேட்டது: இது பூட்டிய கணக்கு, மறுபடி பார்க்க வேண்டுமானால் நீங்கள் கோரிக்கை அனுப்ப வேண்டியிருக்கும், சரியா? சரி என்று அழுத்தினேன். அவள் படங்கள் எல்லாம் போய்விட்டன. ஒரு பூட்டுப் படம் மட்டும் இருக்கிறது.

ஏழாம் வகுப்பில் பனிச்சறுக்கில் விழுந்து இரண்டு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் படமும் அந்தப் பூட்டுக்குள்தான்.

ஜனவரி 14

நேற்று நாற்பது நிமிடம்கூட ஆகவில்லை, வில்டேயின் குரல் பதிவு வந்தது. அவளும் எண்ணுகிறாள்.

"ஏய் மாரென், என்னை ஏன்டி தூக்கின? நான் உன்னைத் தூக்கினதுக்கா? லூசு, அது சும்மாடி! சாப்பாட்டு மேசையில எல்லாரும் உக்காந்து லிஸ்ட்டை வெட்டிட்டிருந்தோம். ஹெட்டா ஒவ்வொருத்தர் போனையும் வாங்கி வாங்கிப் பாத்தா. நாற்பது பேரை எடுத்தே ஆகணும்னு. உன்னைத்தான் முதல்ல எடுத்தேன். நீ மட்டுந்தான் கோவிச்சுக்க மாட்டன்னு தெரியும். ஆனா நீ பண்ணினது வேற. நீ வேணும்னே பண்ணியிருக்க."

பத்து முறை கேட்டேன். 'நீ மட்டுந்தான்' என்ற இடத்தில் குரல் நன்றாகத்தான் இருக்கிறது. எந்த ஊரில் இது அன்பு? ஆனாலும் அன்புதான் என்று தோன்றுகிறது. எனக்குப் புரியல. நான் என்ன அவளுக்குப் பழைய சட்டையா, எடுத்து வெளிய போட்டா சத்தம் போடாம கிடக்கிறதுக்கு?

எழுதி அனுப்பினது: "கோவமெல்லாம் இல்ல. தெரியாம விரல் பட்டுடுச்சு."

பிறகு கோரிக்கை அனுப்பினேன். நீலமாக இருந்த பொத்தான் சாம்பல் நிறமானது. 'கோரப்பட்டது' என்று அதில் எழுதியிருக்கிறது.

ஜனவரி 15

சாம்பல்.

ஜனவரி 18

சாம்பல். கோரிக்கையைத் திரும்பப் பெறலாம். ஆனால் எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினால் இரண்டு முறை தட்டியது தெரியும். வாசலில் நின்று கதவைத் தட்டியவள் தட்டவில்லை என்று சொல்ல முடியுமா?

ஜனவரி 22, வியாழன்

இரண்டு மாதத் துருவ இருட்டுக்குப் பிறகு இன்று சூரியன். மலைக்கு மேல் ஒரு கீற்று, ஆறு நிமிடம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். ஊரே கடையில் வரிசை கட்டிச் சூரியப் பன் வாங்கியது. விடிவதற்கு முன்பே நானும் சொல்ஃப்ரித்தும் இருநூறு பன்னுக்கு ஜாம் ஊற்றியிருந்தோம். கூட்டம் தாங்காமல் என்னைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டாள்.

வரிசையில் வில்டேயின் அம்மா டோர்டிஸ் வந்தாள்.

"நாலு குடு கண்ணு. ஒண்ணு வில்டேக்குன்னு வாங்கி நானே தின்னுடுவேன்." சிரித்தாள். பிறகு குனிந்து, "அவ முடிய வெட்டிட்டாளாமே? எனக்கெங்க தெரியும், என்னைத்தான் பூட்டி வெளிய நிறுத்தியிருக்காளே. அம்மாவ எவளும் சேத்துக்க மாட்டாளாம், அது ஒரு சட்டமாம். நீ பாத்திருப்ப. எப்படி இருக்கா?"

அவளுக்குப் பின்னால் பதினைந்து பேர். நானும் வெளியேதான் நிற்கிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

"நல்லா இருக்கு. கழுத்து தெரியற மாதிரி வெட்டியிருக்கா. எடுப்பா இருக்கு."

"ஆமாம்ல?" என்றாள். 'அப்படியா' என்று கேட்கவில்லை. அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை. "உன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசினாத்தான் எனக்கு நிம்மதி" என்று என் கையைத் தட்டிவிட்டுப் போனாள்.

பன் ஒன்று எடுத்து வைத்திருந்தேன். சாப்பிடவில்லை.

ஜனவரி 23

வில்டே எழுதியிருக்கிறாள். குரல் இல்லை, எழுத்து.

"என் கழுத்து தெரியுதுன்னு அம்மாகிட்ட சொன்னியாம். நீ எங்க பாத்த? முந்தாநேத்துதான் அந்தப் படத்தப் போட்டேன்."

"பூனைப் படம் வச்ச அக்கவுண்ட் நீதானே?"

"ஹெட்டா அப்பவே சொன்னா, நம்பல."

திருட்டுக் கணக்கு வைத்து ஒளிந்து பார்ப்பது. அதைவிடக் கேவலம் எங்கள் பழக்கத்தில் எதுவும் இல்லை. விட்டுவிடுவதுகூட அதற்குப் பக்கத்தில் ஒன்றுமில்லை.

என் ஊகம் சரியாகப் போய்விட்டது. தப்பாகச் சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன்.

ஐந்து முறை எழுதி அழித்தேன். 'நீ என்னை விட்டுட்டன்னு உன் அம்மாவுக்குத் தெரியறது எனக்கு அசிங்கமா இருந்துச்சு, அதான் பொய் சொன்னேன்.' படித்துப் பார்த்தால் திருடிதான் இப்படிப் பேசுவாள். கடைசியில் அனுப்பினது: "நான் இல்ல."

பதில்: "சரி."

அந்த முற்றுப்புள்ளி. அவள் முற்றுப்புள்ளி வைக்கிறவளே இல்லை.

பிப்ரவரி 2, திங்கள்

பொத்தான் மறுபடி நீலமாகியிருந்தது. ஒரு கணம் நெஞ்சு துள்ளியது, சேர்த்துக்கொண்டாள் என்று. இல்லை. சேர்த்துக்கொண்டால் படங்கள் தெரியும். நீலம் என்றால் கோரிக்கையைத் தள்ளிவிட்டாள். நீ கேட்டதே இல்லை என்பது போல எல்லாம் முதலிலிருந்து.

பிப்ரவரி 5

"திரும்பிப் போறதுக்கு எழுதிட்டியா?" என்று அம்மா கேட்டாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 14, சனி

கடை மூடும் நேரம். டோர்டிஸ் தபாலில் வந்த பார்சலை வாங்க வந்தாள். கையெழுத்துப் போட்ட பிறகும் போகாமல் பேனாவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"மாரென், உனக்கு இதெல்லாம் தெரியும். ஒருத்தர் நம்மள வெளிய தள்ளிட்டா, யாரு நாமன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடுமா?"

"யாரைத் தள்ளினாங்க?"

அவள் கழுத்து வரை சிவந்துபோனாள். "சிரிக்காத. இலையுதிர் காலத்துல நான் ஒண்ணு வச்சேன். எங்க பூனை படத்தைப் போட்டு. அவ சாப்பிடறாளா, தூங்கறாளான்னு பாக்கத்தான். வேற ஒண்ணுமில்ல. போன மாசம் திடீர்னு தூக்கிட்டா."

என் கையில் டேப் சுருள் இருந்தது.

"அன்னிக்குப் பன் வாங்க வந்தப்போ முடிவெட்டின படத்த நான் பாத்துட்டேன். எவ்வளவு அழகா இருந்தா! யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. அதான் தெரியாத மாதிரி உன்கிட்ட கேட்டேன். நீயும் எடுப்பா இருக்குன்னு சொன்னியா... அன்னிக்கு முழுக்க எனக்கு சந்தோஷம். அவகிட்ட போன்ல உன் பேரைச் சொல்லிப் பேசினேன். நான் பாத்தேன்னு சொல்ல முடியாதுல்ல?"

"முடியாது."

"அவளுக்குத் தெரிஞ்சா போனையும் எடுக்க மாட்டா. ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம் பேசறா, அது ஒண்ணுதான் இருக்கு எனக்கு. நீ சொல்லிட மாட்டல்ல?"

"மாட்டேன்" என்றேன்.

"நீ அப்படிப்பட்ட பொண்ணு இல்லன்னு எனக்குத் தெரியும்."

எல்லோருக்கும் என்னைப் பற்றி எப்படி இவ்வளவு நன்றாகத் தெரிகிறது?

பிப்ரவரி 15

'பூனை உன் அம்மா.'

மூன்றே வார்த்தை. எழுதி வைத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. எதிரே டோர்டிஸ் வீட்டில் சமையலறை விளக்கு எரிந்தது. அவள் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தாள். தலையை ஆட்டினாள், கையை வீசினாள். நான் நிமிடத்தைப் பார்த்தேன். எட்டே நிமிடம்தான்.

மூன்று வார்த்தையையும் அழித்தேன்.

பிப்ரவரி 24

ஐம்பத்தொன்பது. பட்டியலைப் பார்த்தேன், ஹெட்டா. அவள் என்னைப் பின்தொடர்ந்ததே நான் அந்த அறையில் இருந்த பழக்கத்தில். விதிப்படி அன்றே நானும் விட்டுவிட்டேன். ஒன்றும் தோன்றவில்லை.

மார்ச் 1, ஞாயிறு

இன்று கடைசி நாள். அனுப்பவில்லை.

அம்மா கேட்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் மீன் துண்டில் பெரியதை என் தட்டில் வைத்தாள்.

மார்ச் 9

சொல்ஃப்ரித் கேட்டாள், கோடை முடிந்த பிறகும் வேலையில் இருக்கிறாயா என்று. இருக்கிறேன் என்றேன். "நல்லது புள்ள, உன்னை மாதிரி வாயத் தொறக்காத ஆளு கெடைக்காது" என்றாள். பாராட்டுத்தான்.

மார்ச் 20

வெளிச்சம் வந்துவிட்டது. மாலை ஆறு மணிக்கும் பனி பளபளக்கிறது. எல்லோரும் நல்ல மனநிலையில் இருக்கிறார்கள். நான் என் கணக்கில் கடைசியாக ஒரு படம் போட்டது எப்போது என்று பார்த்தேன். அக்டோபர். வில்டே எடுத்தது. என் முதுகு, ஒரு பாலம், அவள் விரல் நுனி ஓரத்தில் மங்கலாக.

ஏப்ரல் 1, புதன்

ஈஸ்டர் விடுமுறைக்கு முன் கடைசி வேலை நாள். மலைக் குடிலுக்குப் போகிறவர்கள் வண்டி வண்டியாக வந்தார்கள். நான் பின்னறையில் இருந்தேன். வில்டே ஊருக்கு வந்துவிட்டாள் என்று டோர்டிஸ் காலையிலேயே சொல்லியிருந்தாள். "இனி பத்து நாள் என் கண்ணு முன்னாடியே இருப்பா" என்றாள். முகம் பூரித்திருந்தது.

பன்னிரண்டு மணி வாக்கில் எந்திரம் நின்றுவிட்டது. சிவப்பு விளக்கு. பக்கத்திலுள்ள சின்னக் கதவைத் திறந்தேன். குழாய்க்குள் ஒரு பாட்டில் குறுக்கே கிடந்தது. அதற்கு அப்பால் வட்டத் துளை, துளையில் ஒரு கை. கட்டைவிரல் நகத்தைச் சுற்றித் தோலெல்லாம் கடித்திருந்தது. நான்காம் வகுப்பிலிருந்து எனக்குத் தெரிந்த கை.

"ஹலோ, உள்ள யாராவது இருக்கீங்களா? மாட்டிக்கிச்சு."

வெளியாளிடம் பேசும் குரல். மரியாதையாக.

நான் குனிந்திருந்தால் துளை வழியாக அவள் முடியைப் பார்த்திருக்கலாம். வாய்க்குள் மூன்று வார்த்தை அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் சற்றுத் தள்ளி டோர்டிஸின் சிரிப்பும் கேட்டது. "கொஞ்சம் பொறுடி, உள்ள மாரென்தான் இருப்பா, எடுத்துவிடுவா."

துளையிலிருந்து கை விலகியது.

பாட்டிலை நேராக்கி இழுத்தேன். சின்னக் கதவைச் சாத்தினேன். பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.