பிஸ்கட் டின் பிறை

அன்பு மகன் றிஸ்மினுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் உம்மா, தங்கச்சி, ஆடு, நான் எல்லாரும் சுகம், என் தாடி மட்டும் நீலம். உன் சுகத்துக்கு ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறோம். இதையெல்லாம் வட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம், ஆனால் இந்த வீட்டில் நான் பேசி அனுப்புவதை உனக்கு முன்னம் உம்மா கேட்டுவிடுவாள், அதனால்தான் லீவு முடிந்து தோஹா திரும்பும் அர்கமின் கையில் கருவாட்டுப் பார்சலோடு கடிதமாகத் தந்து விடுகிறேன்.

தாடிக் கதைக்கு வருகிறேன். நீயும் தங்கச்சி ஷிஹாராவும் அங்கேயும் இங்கேயும் இருந்துகொண்டு போனில் விளையாடுவீர்களே, அந்தக் கேமில் வரும் கடல் ராணி மாதிரி வேஷம் போட்டுப் படம் அனுப்பும் போட்டி ஒன்றாம், கடைசி நாள் இருபத்தொன்பதாம் நோன்பாம். நானாவுக்கு ஆசையான ராணி, நானா பார்த்தால் சந்தோஷப்படுவார் என்று உன் பேரைச் சொல்லித்தான் என்னை மடக்கினாள். உம்மா தலைக்குப் போடும் பச்சைச் சோலில் சிப்பி தைத்தாள், கிழிந்த வலையைத் தோளில் போட்டாள், பிஸ்கட் டின் மூடியைப் பிறை வடிவத்தில் வெட்டி மூங்கில் தடியில் கட்டினாள், அது ராணியின் செங்கோலாம். ராணிக்குக் கடல்பாம்பு ஒன்றும் வேண்டுமாம், அது நான். என்னை வள்ளம் மூடும் நீலத் தறப்பாளால் சுற்றி, உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கரைத்துத் தாடியில் பூசி, கழுவினால் போய்விடும் வாப்பா என்றாள். போகவில்லை. பெருநாள் தொழுகையில் முஸாபஹா செய்தவர்கள் எல்லாரும் கையைத் தந்துவிட்டுத் தாடியைத்தான் பார்த்தார்கள்.

அன்றைக்குக் கரையிலேயே நோன்பு திறந்து, மஃரிபையும் தொழுதுவிட்டுக் கடலில் இறங்கினோம். பிறை பார்க்கும் நாள் என்பதை நான் மறக்கவில்லை, இருபது வருஷமாகப் பள்ளிக்குப் பிறைச் சாட்சி சொல்கிறவன் நான், கடலுக்குள் நின்றால் இன்னும் வடிவாகத் தெரியும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஷிஹாரா முழங்கால் தண்ணீரில் கையை நீட்டி நிற்க, செங்கோல் தானாகக் கடலிலிருந்து எழும்ப வேண்டுமாம், அதாவது பின்னால் ஆழத்தில் நான் மூச்சைப் பிடித்து முங்கித் தடியை உயர்த்த வேண்டும். அவளுடைய கூட்டாளி மபாஸா அதன்மேல் டோர்ச் அடித்துப் படம் எடுத்தாள். மூன்று தரம் முங்கினேன். மூன்று தரமும் முடிந்து படங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் பள்ளி ஒலிபெருக்கியில் தக்பீர் முழங்குகிறது, பிறை கண்டாச்சாம், நாளைக்குப் பெருநாளாம். நானும் அல்லாஹு அக்பர் என்று வானத்தைத் தேடினேன், ஒன்றுமில்லை, பிள்ளைகளுக்கும் தெரியவில்லை. பிறகு ஷிஹாரா செங்கோலைப் பார்த்தாள், மபாஸாவும் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

ஊரே ஒரு நோன்பை விட்டுவிடும், அந்தப் பாவம் என் தலையில் என்று தறப்பாளைக்கூடக் கழற்றாமல் தடியோடு ஓடினேன். வழியில் சித்திலெய்லா மாமி என்னைக் கண்டு ஜின் என்று பயந்து ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டே கஞ்சிச் சட்டியால் எறிந்தார், அவ்வளவு ஓதியும் நான் மறையவில்லையே என்று அவருக்கு இன்னும் கவலை. பள்ளியில் கேட்டால், பிறை கண்டவர் நம்ம செய்னுலாப்தீன் மாமா. போன மாதம் கண் ஒப்பரேஷன் செய்தவர். தூரத்தில் கரையில் நின்று, பிறை கடலுக்குள்ளருந்து எழும்பிச்சு, முங்கிச்சு, திரும்ப எழும்பிச்சு, மூணு தரம் கண்டன் என்று சத்தியம் செய்திருக்கிறார். பிறை எங்கேயாவது முங்கி முங்கி எழும்புமா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை, அதற்குள் யாரோ மைக்கைப் போட்டுவிட்டார்கள். நான் டின் மூடியை மௌலவியின் கையில் கொடுத்தேன். அவர் திருப்பிப் பார்த்தார், மறுபக்கத்தில் பாதி பிஸ்கட் படம். கொஞ்ச நேரத்தில், காணப்பட்டது பிறை அல்ல, றவூபுடைய டின் மூடி, நாளைக்கு நோன்பு என்று என் பேரோடு ஒலிபெருக்கியில் திருத்தம் வந்தது. ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது, செய்னுலாப்தீன் மாமா மட்டும் சிரிக்கவில்லை. கண் தெளிஞ்ச பொறகு கண்ட மொதப் பிறை எண்டு நெனச்சன் றவூப் என்று சொல்லி அழுதுவிட்டார். எனக்கு மனசு தாங்கவில்லை.

மறுநாள் முப்பது பூர்த்தி, பிறை பார்க்கத் தேவையே இல்லை. ஆனாலும் வரமாட்டேன் என்றவரை இழுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். அவர் கண்டதும் நானும் கண்டேன் என்று பத்துப் பேருக்குக் கேட்கச் சொல்லி அவர் மனசை ஆற்றலாம் என்பது என் எண்ணம். போய் நின்று ஒரு நிமிஷம் ஆகவில்லை, அந்தா கெடக்கு என்றார். பக்கத்தில் நின்ற சின்னப் பிள்ளைகளும் கண்டு துள்ளினார்கள். எனக்குத் தெரியவில்லை மகன். கண்ணைக் கசக்கினேன், அவர் விரல் காட்டிய இடத்தையே பார்த்தேன், வெறும் வானம். ஓம் ஓம், வடிவாகத் தெரிகிறது என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்தார். வருகிற கிழமை புத்தளத்துக்குப் போய்க் கண்ணைக் காட்டுவேன், அது பெரிய காரியமில்லை. ஆனால் போன வருஷம் பிறை கண்டேன் என்று பள்ளியில் கையெழுத்து வைத்தேனே, அன்றைக்கு நான் கண்டது என்ன?

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் பரக்கத்தும் தரட்டும், தொழுகையை விடாதே, கருவாட்டை ஒரு தரம் வெயிலில் காட்டு. கண் விஷயத்தைப் பற்றி உம்மாவிடம் வாய் திறக்காதே.

உனக்காக துஆ செய்யும் வாப்பா,
அ. றவூப்